வீட்டோரம் பைன் மரம்: நடலாமா, வேண்டாமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 60 சென்ட் சரிவு நிலம் சும்மா கிடக்கிறது. பைன் கன்று நடலாமா?

கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்புறம் சரிவாக 60 சென்ட் பட்டா நிலம். முன்பு உருளைக்கிழங்கும் பூண்டும் போட்ட இடம். காட்டெருமைத் தொல்லை, ஆள் கூலி, கணவரின் மூட்டுவலி எல்லாம் சேர்ந்து நான்கு வருடமாகத் தரிசு. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், "பைன் வைத்துவிடுவோம், பார்க்க ஆள் வேண்டாம்" என்கிறார். கன்று விற்பவர் ஒருவரும் வந்து பார்த்துவிட்டு, 400 கன்று போகும், தண்ணீர் விட வேண்டாம், வேலி வேண்டாம், 20 வருடத்தில் மரம் லட்சக்கணக்கில் விலை போகும், அதற்குள் காடு மாதிரி வளர்ந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இன்னொரு வரியும் இருக்கிறது. நிலத்தின் அடிப்பக்கம் ஒரு ஊற்று. இவர்கள் வீட்டுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதிலிருந்துதான். பதில் முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் வரும்.

முதலில் கன்று விற்பவர் சொன்னதில் எது சரி என்று பார்த்துவிடலாம். 400 கன்று என்ற கணக்கு சரிதான். எட்டடிக்கு எட்டடி நட்டால் 60 சென்ட்டில் ஏறக்குறைய அவ்வளவு போகும். மேல்மலையில் பைன் நன்றாக வரும் என்பதும் உண்மை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அதிகம் காணப்படும் பைன், மெக்சிகோ மலைகளைச் சேர்ந்த பைனஸ் பாட்டுலா. ஊசி இலைகள் கொத்துக் கொத்தாகத் தலைமுடி போலக் கீழே தொங்கினால் அதுதான். அதற்குக் குளிரும் மூடுபனியும் புளிப்புத் தன்மையுள்ள மண்ணும் ஒத்துக்கொள்ளும். காட்டெருமை பைன் ஊசியை விரும்பித் தின்னாது என்பதும் சரி. ஆனால் தின்னாத மிருகம் மிதிக்காது, உரசாது என்று அர்த்தமில்லை. இரண்டடிக் கன்று நிற்கும் வரப்பில் ஒரு மந்தை ஒரு இரவு நடந்தால் போதும். வேலி வேண்டாம் என்பது முதல் இரண்டு மூன்று வருடத்துக்குப் பொருந்தாத பேச்சு.

இருபது வருடத்தில் லட்சக்கணக்கில் என்பதைத்தான் நின்று யோசிக்க வேண்டும். பைன் மென்மரம். பெட்டி, பேலட், காகிதக்கூழ், மலிவான மரச்சாமான் இவற்றுக்குத்தான் போகும். தேக்குக் கணக்கோ ஈட்டிக் கணக்கோ இங்கே செல்லாது. பலகைக்கு அறுக்கிற பருமன் வர 25, 30 வருடம் ஆகும். நியூசிலாந்து போன்ற நாடுகளில் பல்லாயிரம் ஏக்கரில் இயந்திரம் வைத்து வெட்டிய பைன் மரம் கப்பலேறி காண்ட்லா, தூத்துக்குடி துறைமுகங்களுக்கு வந்து இறங்குகிறது. மேல்மலைச் சரிவிலிருந்து ஆள் வைத்து வெட்டி, ரோட்டுக்கு இழுத்து, லாரியில் ஏற்றி, மலைப்பாதையில் இறக்குகிற 400 மரம் அதனோடு விலையில் போட்டி போட வேண்டும். வெட்டுக்கூலியும் இறக்குக்கூலியும் போக மிஞ்சுவது என்ன என்பதைக் கன்று விற்பவர் சொல்லமாட்டார். அவருக்குக் கன்றுப் பணம் இன்றைக்கே வந்துவிடுகிறது.

பிசின் வடிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இந்தியாவில் பிசின் தொழில் நடப்பது இமயமலைப் பக்கம், சிர் பைன் மரத்தில். அங்கே காடு காடாக இருக்கிறது; பிசினைக் காய்ச்சி டர்பன்டைனும் ரோசினும் பிரிக்கிற ஆலைகள் இருக்கின்றன. 60 சென்ட்டுக்கு அந்தக் கணக்கைப் போடுவதில் பயனில்லை.

அடுத்து, வெட்டும் உரிமை. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-ல் வந்தது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில், மரம் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும், அதற்கென உள்ள குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நட்டவர் நாங்கள்தானே என்று சொன்னால் போதாது. எந்த வகை மரத்துக்கு எந்த நடைமுறை, என்ன ஆவணம் என்பதை நடுவதற்கு முன்பே வனச்சரகர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, நட்ட வருடத்தையும் எண்ணிக்கையையும் கிராம நிர்வாக அலுவலர் மூலம் அடங்கலில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். மகளுக்குக் கல்யாணம், வீட்டில் வைத்தியச் செலவு என்று அவசரம் வருகிற நாளில் மரத்தை வெட்டிக் காசாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பலரும் மரம் நடுகிறார்கள். மலையில் அந்த அவசரத்துக்கு மரம் உதவுவது நிச்சயமில்லை.

இனி ஊற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதியில் சரிவெல்லாம் புல், மடிப்புகளில் சோலை. இதுதான் பழைய அமைப்பு. வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்தார்கள். விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே நினைப்பு தொடர்ந்தது. சீகை என்கிற வாட்டில், யூகலிப்டஸ், பைன் எல்லாம் புல்வெளி மேல் பெருமளவில் நடப்பட்டன. செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனி மலையை ஆராய்ந்தவர்கள், 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

புல்லுக்கும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? மேல்மலைக்காரர்களுக்கு இதைப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. தை மாதம் உறைபனி விழுந்ததும் புல் காய்ந்து பழுப்பாகிவிடும். காய்ந்த புல் தண்ணீர் குடிக்காது. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை மண் குடித்து வைத்த மழை, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஊற்றாக வரும். பைன் அப்படியில்லை. வருடம் முழுவதும் பச்சை. மாசியிலும் பங்குனியிலும் வேர் ஆழத்திலிருந்து நீரை இழுத்து ஊசி வழியாக ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, சாரல் மழையில் ஒரு பகுதி ஊசிகளின் மேலேயே தங்கி, தரைக்கு வராமலே காற்றில் போய்விடும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நீலகிரியில் குளெண்மார்கன் என்ற இடத்தில், உதகையில் உள்ள மண் வள ஆராய்ச்சி மையத்தினர் இரண்டு நீர்ப்பிடிப்புச் சரிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட சரிவின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்த்த இரண்டாவது சுற்றில் ஏறக்குறைய 25 சதவீதம். அது யூகலிப்டஸ், பைன் இல்லை என்று சொல்லலாம். தென்னாப்பிரிக்காவில் பைன் தோட்டங்களுக்குக் கீழே ஓடைகளைப் பல பத்தாண்டுகள் அளந்து பார்த்தபோதும் இதே கதைதான். அங்கே 1995-ல் அரசே ஒரு திட்டம் தொடங்கி, ஓடைகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து பைன் உள்ளிட்ட வெளிநாட்டு மரங்களைக் கூலிக்கு ஆள் வைத்து அகற்றி வருகிறது. தண்ணீருக்காக மரம் நடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது விநோதமாக இருக்கும். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

ஆகவே வாசகிக்கான பதில்: ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில் 400 பைன் வேண்டாம். நட்ட முதல் ஐந்தாறு வருடத்தில் ஒன்றும் தெரியாது. மரம் கூடிக் கவிந்த பிறகுதான் கோடையில் ஊற்று மெலியும். அப்போது வெட்ட நினைத்தால் அனுமதி வேண்டும். மூன்று வீட்டுக் குடங்கள் அந்த ஊற்றை நம்பியிருக்கின்றன. இரண்டு வீட்டாருக்கு இந்த முடிவில் வாய் திறக்கக்கூட இடமில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்பது முறை.

சும்மா கிடக்கிற நிலத்தை என்னதான் செய்வது என்றால், ஒரே பயிராக யோசிக்காமல் சரிவை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஊற்றைச் சுற்றி முப்பது அடிக்குக் கொத்துவதும் மருந்தடிப்பதும் கூடாது. அங்கே ஏற்கெனவே தானாக முளைத்த காட்டு நாவல் வகை, காட்டுப் பூவரசு, தவிட்டுப்பழச் செடி ஏதாவது இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். உச்சிப்பகுதி புல்லாகவே இருக்கட்டும். தரிசு என்று அதற்குப் பெயர் வைத்தாலும் ஊற்றுக்கு அது உண்டியல் மாதிரி. ஒரு மாடு வைத்திருந்தால் அறுத்துப் போடலாம். நடுப்பகுதியில், வீட்டுக்கு எட்டுகிற தூரத்தில், பேரியும் பிளம்ஸும். இரண்டும் மேல்மலைக்குப் பழகின மரங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிடுவதால் அந்த மாதங்களில் அவை தண்ணீர் இழுப்பதும் குறைவு. பேரிக்கு 15 முதல் 16 அடி, பிளம்ஸுக்கு 13 அடி இடைவெளி. ஒட்டுக்கன்றானால் நான்கைந்து வருடத்தில் காய்க்கத் தொடங்கும். ரகமும் கன்றும் கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்து வாங்குவது நல்லது; சந்தையில் ஒட்டு என்று விற்பதெல்லாம் ஒட்டு அல்ல. குரங்கும் காட்டெருமையும் பழ மரத்துக்கும் வரும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நாற்பது மரத்தைச் சுற்றி வேலி போடுவது 60 சென்ட்டையும் சுற்றிப் போடுவதைவிட எளிது. சரிவுக்குக் குறுக்கே இருபது அடிக்கு ஒரு வரிசை தீவனப்புல் வைத்தால் மண்ணும் இறங்காது.

மகனுக்குப் பைன் மேல் ஆசை என்றால் அதைக் கெடுக்க வேண்டியதில்லை. நான்கைந்து மரம் வைப்பதால் எந்த ஊற்றும் வற்றிவிடாது. ஊற்றுப் பக்கம் நீர் வடியாத ஓரமாகப் பார்த்து வைக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து தூரம் முக்கியம். பைன் 80, 90 அடிக்குச் சாதாரணமாகப் போகும். மண் மெல்லியதாகவும் அடியில் பாறையாகவும் உள்ள இடத்தில் வேர் ஆழம் போகாமல் தட்டையாகப் பரவும். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையோடு நிற்காமல் கொடைக்கானல் வரை ஏறி வந்தபோது மரங்கள் சாய்ந்து மலைச்சாலைகள் அடைபட்டதை அந்தப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். மரம் முழு உயரத்துக்கு வளர்ந்து விழுந்தாலும் வீட்டையும் மாட்டுக்கொட்டகையையும் மின்கம்பியையும் தொடாத தூரத்தில்தான் குழி எடுக்க வேண்டும்.

கன்றை விலைக்கு வாங்காமல் வீட்டிலேயே வளர்க்கலாம், அதில் பெரிய வித்தை இல்லை. பாட்டுலா பைனின் காய்கள் முற்றிய பிறகும் பல வருடம் மூடியபடியே மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடு பட்டால்தான் திறக்கும். பழுப்பான மூடிய காய்களைப் பறித்து வெயிலில் தகரத்தின் மேல் போட்டால் செதில் விரிந்து இறக்கை வைத்த விதை உதிரும். மணல் கலந்த மண்ணில் மேலோட்டமாக விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். அதிக ஈரம் கூடாது. நாற்றின் கழுத்து அழுகிவிடும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பைன் வேரோடு சேர்ந்து வாழ்கிற ஒரு வகைப் பூஞ்சை இருந்தால்தான் நாற்று மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுக்கும். பைனே இல்லாத நாடுகளில் முதன்முதலில் விதைத்தபோது நாற்றெல்லாம் மஞ்சளாகிச் சூம்பிப்போய், பிறகு பழைய பைன் தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து கலந்ததும் பச்சை பிடித்திருக்கிறது. எனவே பையில் நிரப்பும் மண்ணில் பெரிய பைன் மரத்தடி மண் ஒரு பிடி சேர்க்க வேண்டும். தெரிந்தவர் வீட்டு மரத்தடியில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். காப்புக்காட்டில் கை வைக்க வேண்டாம். எட்டு பத்து மாதத்தில் ஓரடி வந்ததும், மழை பிடிக்கிற நேரத்தில், ஒன்றரை அடிக் குழியில் மண்கட்டி உடையாமல் நட வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட்டு நடுவது அவசியம். சுருண்ட வேரோடு நட்ட மரம் பிற்காலத்தில் காற்றுக்கு முதலில் சாயும்.

பைன் சருகு பற்றி ஒரு சொல். மரத்தடியில் எதுவும் முளைக்காததைப் பார்த்து, சருகு மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்பார்கள். அந்தப் பயம் கொஞ்சம் மிகை. பச்சை ஊசி புளிப்புதான். மக்கியதும் அந்தப் புளிப்பு பெரும்பாலும் போய்விடும். அடியில் முளைக்காததற்கு நிழலும் வறட்சியும் மெத்தை போல் மூடிய சருகும்தான் காரணம். உண்மையான ஆபத்து தீ. காய்ந்த ஊசி, பிசின் உள்ள மரம், மாசிக் காற்று மூன்றும் சேர்ந்தால் பீடித் துண்டு ஒன்று போதும். உத்தராகண்டில் இந்தச் சருகுக்குப் பிருல் என்று பெயர். அங்கே காட்டுத்தீ கோடைதோறும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால், பெண்கள் குழுக்கள் மூலம் அதைச் சேகரித்து எரிபொருள் கட்டியாக மாற்றும் வேலை நடக்கிறது. இங்கே நான்கைந்து மரம் வைத்தவர்கள் தை முடிவதற்குள் சருகை வாரி, பேரி மரத்துக்கும் ஸ்ட்ராபெர்ரிப் பாத்திக்கும் மூடாக்காகப் போடலாம். தொழுவத்தில் மாட்டுக்கு அடியில் பரப்பலாம். தனியாகக் குவித்தால் வருடக்கணக்கில் மக்காது. சாணமும் பச்சைத் தழையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். மரம் பெரிதானதும் கீழ்க்கிளைகளைப் பத்தடி உயரம் வரை கழித்துவிட்டால் தரைத்தீ தலைக்கு ஏறாது.

ஊற்றை இன்றைக்கே அளந்து வைப்பதும் நல்லது. மாதம் ஒருநாள், காலையில், ஒரே குடத்தை வைத்து அது நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டரில் குறித்து வந்தால் போதும். மேலே யார் என்ன நட்டாலும் பேச்சுக்கு ஒரு கணக்கு இருக்கும்.

கேள்வி: நர்சரியில் பைன் என்று வாங்கிய தொட்டிச்செடி கீழிருந்து காய்கிறது. வாசலில் நட்டால் பிழைக்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர் ஒருவர், மகள் ஆசைப்பட்டாள் என்று டிசம்பரில் மூன்றடிச் செடி ஒன்றை வாங்கியிருக்கிறார். அடுக்கடுக்காகக் கிளை, ஒவ்வொரு அடுக்கும் நட்சத்திரம் போல. பேத்திகள் அதில் விளக்கு மாட்டி மகிழ்ந்தார்களாம். இப்போது அடி அடுக்கு பழுப்பாகிவிட்டது.

அந்தச் செடி பைன் அல்ல. அரக்கேரியா என்ற வேறு குடும்பம். நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பவை பெரும்பாலும் இதுதான். பசிபிக் தீவுகளான நியூ கலிடோனியா, நார்ஃபோக் பகுதிகளைச் சேர்ந்தது. ஒருவகையில் ஏமாந்ததும் நல்லதுக்குத்தான். அசல் பைனைப் புதுக்கோட்டை வெயிலில் வைத்திருந்தால் இத்தனை நாள் தாங்கியிருக்காது. அரக்கேரியா சமவெளியையும் கடற்காற்றையும் தாங்கும். பழைய பங்களா வளாகங்களிலும் தேவாலய வளாகங்களிலும் ஓங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

அடிக்கிளை காய்வதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தது ஒன்று. தினமும் தண்ணீர் ஊற்றி வேரை மூச்சுத் திணற வைத்தது இன்னொன்று. மேல் மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். காய்ந்த அடுக்கு மறுபடி துளிர்க்காது, வெட்டிவிடலாம். ஆனால் உச்சிக் குருத்தில் மட்டும் கத்திரி படக்கூடாது. அது போனால் அந்தக் கோபுர வடிவம் திரும்ப வராது. பக்கக் கிளையை வெட்டி வைத்துப் பதியம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேர் பிடிக்கலாம்; ஆனால் கிளையாகப் பிறந்தது கிளையாகவே பக்கவாட்டில் படர்ந்து வளரும், நிமிராது. மலிவு விலைக் கன்று கோணலாக வளர்வதற்கு இதுதான் பல நேரம் காரணம்.

வாசலில் நடுவது பற்றி: ஓட்டு வீடு, முன்னால் பதினைந்தடி இடம் என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். இந்த மரம் நூறடிக்கும் மேல் போகும். அரக்கேரியா காலம்னாரிஸ் என்ற வகைக்கு இன்னொரு விசித்திரக் குணமும் உண்டு. உலகில் எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டுப் பக்கமாகச் சாய்ந்து வளரும். பல நாடுகளில் அளந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரிச் சாய்வு எட்டு டிகிரிக்கு மேல் இருந்தது. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு தூரம் இல்லாததால் இங்கே சாய்வு குறைவாக இருக்கும். எப்படியும் சாய்வது தெற்கே. வடக்குப் பார்த்த வாசல் வீட்டுக்காரர் முன்னால் நட்டால், மரம் வீட்டைப் பார்த்தே சாயும். தொட்டியிலேயே வளர்ப்பது நல்லது; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பெரிய தொட்டிக்கு மாற்றினால் பல வருடம் ஆளுயரத்தில் வைத்திருக்கலாம். தோட்டம் தனியாக இருந்தால் அங்கே, கட்டடமும் மின்கம்பியும் இல்லாத மூலையில் இறக்கி வைக்கலாம்.

ஊசியிலை அழகும் வேண்டும், வருமானமும் வேண்டும் என்றால் சவுக்கே போதும் என்று அவருக்கு யாரோ சொன்னார்களாம். சொன்னவர் நல்லவர். சவுக்கு பைன் இனமில்லை. அதன் ஊசி உண்மையில் இலைகூட இல்லை, கணுக்கணுவான பச்சைக் குச்சி. வேர் முடிச்சில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும் மரம் அது. புதுக்கோட்டை மண்ணுக்கு அதுதான் சொந்தக்காரர் மாதிரி.

கேள்வி: பக்கத்து நிலத்துப் பைன் மரம் எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. வெட்டச் சொன்னால் சட்டம் விடாது என்கிறார்கள். என்ன செய்வது?

கோத்தகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்வி. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இரவில் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறார்.

மரத்தை முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். அடி சாய்ந்து, நுனி நிமிர்ந்து நேராக வளர்ந்திருந்தால் அது சின்ன வயதிலேயே சாய்ந்து பிறகு நிலைகொண்ட மரம், உடனே பயமில்லை. நுனி உட்பட ஒரே கோட்டில் சாய்ந்திருந்தால் சாய்வு புதிது. சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் வெடித்தோ வேர் மேலெழும்பியோ இருந்தால், அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால், காத்திருக்கக் கூடாது.

சட்டம் அனுமதியில்லாமல் வெட்டுவதைத்தான் தடுக்கிறது. ஆபத்தான மரத்தை அகற்ற வழி வைத்திருக்கிறது. தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து, நில உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதன் நகலோடு கோட்டாட்சியருக்கும் வனச்சரகருக்கும் மனு. விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரவோடு இரவாகப் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் மரம் தானாகப் பட்டுவிடும் என்று யாராவது யோசனை சொல்லியிருக்கலாம். பட்ட பைன் இன்னும் ஆபத்து; வேர் அழுகி, எந்தப் பக்கம் விழும் என்றே சொல்ல முடியாமல் நிற்கும். வழக்கும் உரித்தவர் மேல்தான் வரும். உத்தரவு வருவதற்குள் மழை பிடித்துவிட்டால், காற்று பலமாக அடிக்கும் இரவுகளில் மரம் இருக்கும் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம். குழந்தைகளை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றிவிட வேண்டும்.